இசப்கோல் உமி: ஐபிஎஸ் வயிற்றுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மருந்துக்கடையில் போய் நின்று "வயிறு சரியா போகமாட்டேங்குது, ஏதாவது கொடுங்க" என்றால் முதலில் மேசைக்கு வருவது இசப்கோல் டப்பாதான். ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome; குடல் பார்வைக்கு நன்றாக இருந்தும் வயிற்றுவலியும் மலம் போவதில் கோளாறும் விடாமல் படுத்தும் நிலை) என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள். ஒரு வாரம் குடிக்கிறார்கள், வயிறு பந்து மாதிரி உப்புகிறது, டப்பா சமையலறை மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. அப்படிக் கைவிடப்படும் டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் சரக்கு நல்ல சரக்குதான். அளவு தப்பியிருக்கும், தண்ணீர் போதாமல் போயிருக்கும், குடித்த நேரம் சரியில்லாமல் இருக்கும், அல்லது கூடவே குடித்த பால் ஒத்துக்கொண்டிருக்காது.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தக் கலப்பும் இல்லாத வெறும் உமியாக வாங்கி நாலு வாரம் ஒழுங்காகக் குடித்தால், மலத்தின் பதத்தைச் சரிசெய்வதில் இந்த விலைக்கு இதற்கு ஈடான பொருள் கடையில் கிடையாது. ஆனால் ஐபிஎஸ்ஸில் ஆளை வாட்டுவது பதம் மட்டுமா? வலி, உப்புசம், வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் வரும் அவசரம், எல்லாம் சேர்ந்துதான் வாட்டுகிறது. அவற்றின் வேர் குடலுக்கும் மூளைக்கும் நடுவில் ஓடும் நரம்புப் பேச்சில் இருக்கிறது. அங்கே இந்த உமியின் கை பாதி வழிகூட எட்டாது. இது தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

டப்பாவுக்குள் இருப்பது

இசப்கோல் குஜராத், ராஜஸ்தான் பக்கத்துக் குளிர்காலப் பயிர். நவம்பர் வாக்கில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கிறார்கள். குஜராத்தின் உஞ்சா சந்தைக்கு வரும் விதையை அங்கும் பக்கத்திலுள்ள சித்பூரிலும் இருக்கும் ஆலைகளில் உரசி மேல்தோலைப் பிரிக்கிறார்கள். விதையின் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் உமியாகத் தேறும். பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. விதையின் வடிவத்தை வைத்து 'குதிரைக் காது' என்று பொருள் சொல்வார்கள்.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். 200 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உமியைத் தூவிப் பாருங்கள். முதல் சில விநாடிகள் வெளிர் மஞ்சள் தவிடு மாதிரி மேலே மிதக்கும். கலக்கினால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துணுக்கின் ஓரமும் கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்பூனை வெளியே எடுத்தால் தண்ணீர் அதோடு இழுபட்டு வரும். பத்து நிமிடம் அப்படியே விட்டால் தம்ளரின் கீழ்ப்பாதி ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சி போல ஆகிவிடும். சாய்த்தால் மொத்தமாக நகரும். ஒரு கிராம் உமி குறைந்தது 40 மில்லி அளவுக்கு ஊதவேண்டும் என்று ஐரோப்பிய மருந்துத் தர நூல் கேட்கிறது. பழைய சரக்கோ விதைத்தூள் கலந்ததோ அந்த அளவுக்கு ஊதாது. ஆக, இந்தத் தம்ளர் சோதனை டப்பாவின் தரத்தையும் காட்டிக்கொடுக்கும்.

தம்ளரில் நடப்பதுதான் குடலிலும் நடக்கிறது. பெரும்பாலான நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்று வாயுவாக்கிவிடும். இசப்கோலின் கூழை அவற்றால் அவ்வளவாகப் புளிக்கவைக்க முடிவதில்லை. கூழ் கடைசிவரை கூழாகவே போகிறது. இறுகிய மலத்தில் அது தண்ணீரைப் பிடித்துவைத்து இளக்குகிறது. தண்ணீராகப் போகிறவருக்கு உதிரியாக நிற்கும் நீரை உறிஞ்சிக் கட்டுகிறது. ஒரே பொடி மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கப்படுவது இதனால்தான். கடைக்காரர் எதற்கும் இதையே எடுத்து நீட்டுகிறாரே என்று சந்தேகப்படவேண்டாம்.

நெதர்லாந்தில் 275 ஐபிஎஸ் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து 12 வாரம் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குத் தினம் 10 கிராம் இசப்கோல், ஒரு குழுவுக்கு 10 கிராம் கோதுமைத் தவிடு, மூன்றாவது குழுவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் அரிசி மாவு. முதல் மாதத்தில் போதுமான நிவாரணம் கிடைத்ததாக இசப்கோல் குழுவில் 57 சதவீதம் பேர் சொன்னார்கள், அரிசி மாவுக் குழுவில் 35 சதவீதம். தவிட்டுக் குழுவில்தான் அதிகம் பேர் பாதியில் விலகினார்கள், தொந்தரவு கூடிப்போனதால். 'நார்ச்சத்து' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டையும் போட்டு அடைப்பது எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தவிட்டு பிஸ்கட்டும் தவிட்டு ரொட்டியும் தின்று அவஸ்தைப்படும் ஐபிஎஸ்காரர்கள் முதலில் அதை நிறுத்திவிட்டு இந்த உமிக்கு வரலாம். அதே ஆய்வில் இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது: வாழ்க்கைத் தரத்தில் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்று பின்னால் பார்ப்போம்.

எந்தப் பாக்கெட்

கடையில் நான்கு வகை வைத்திருப்பார்கள். வாங்கவேண்டியது வெறும் உமி. டெலிபோன் முத்திரை போட்டு வரும் சத் இசப்கோல் போன்றவை இந்த வகை. பொருட்பட்டியலில் இசப்கோல் உமி என்ற ஒரே பெயர்தான் இருக்கவேண்டும். வெளிர் மஞ்சளோ லேசான இளஞ்சிவப்போ கலந்த மெல்லிய துணுக்குகள், நடுவே பழுப்புப் புள்ளிகள் குறைவு, பாக்கெட் அடியில் தூள் குறைவு என்றால் நல்ல சரக்கு.

இரண்டாவது, உமியை அரைத்த பொடி. இதுவும் அதே பொருள்தான், ஆனால் வேகமாகக் கட்டிபிடிக்கும், அளவிலும் ஏமாற்றும். ஒரு சமையல் டீஸ்பூனைத் தலைதட்டி எடுத்தால் முழு உமி ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம்தான் வரும். அதே ஸ்பூனில் பொடி 3 கிராம் வரும். உமிக்குச் சொன்ன 'இரண்டு ஸ்பூன்' கணக்கைப் பொடிக்கும் வைத்துக்கொண்டால் முதல் நாளே 6 கிராம் உள்ளே போகிறது. கோபுரமாக அள்ளினால் கேட்கவே வேண்டாம். "ஒரே நாளில் வயிறு வெடிக்கிற மாதிரி ஆயிடுச்சு" என்பவர்களிடம் அது உமியா பொடியா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, ஆரஞ்சு வாசனை போட்ட இனிப்புத்தூள். குடிக்கச் சுலபம், ஆனால் தூளில் பெரும்பங்கு சர்க்கரையாக இருக்கலாம். சர்க்கரை இல்லாதது என்றால் இனிப்புக்கு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சார்பிட்டால் இருந்தால் ஐபிஎஸ் வயிற்றுக்கு ஆகாது, அதுவே வாயுவையும் போக்கையும் கொண்டுவரும். நுரைத்துப் பொங்கும் வகையில் வரும் வாயுவும் உப்புசக்காரருக்கு வேண்டாத சுமை. இவற்றை வாங்கத்தான் வேண்டும் என்றால், ஒரு வேளைத் தூளில் உமி மட்டும் எத்தனை கிராம் என்று பின்பக்கத்தில் தேடுங்கள். அது போடாத பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடலாம்.

நான்காவது வகையில்தான் கவனம் அதிகம் வேண்டும். 'இயற்கை', 'மூலிகை' என்று எழுதி, இசப்கோலோடு நிலாவரை இலை, கடுக்காய் எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். நிலாவரை குடல் தசையைத் தூண்டி முறுக்கித் தள்ளும் பேதி மருந்து. மறுநாள் காலை வேகமாகப் போகும். வாங்கியவருக்குப் பரம திருப்தி. ஐபிஎஸ்காரருக்கோ அந்த முறுக்குதான் வலியே. போக்கு வகை ஐபிஎஸ் உள்ளவர் தெரியாமல் இதைக் குடித்தால் அன்றைய பொழுது கழிப்பறையில்தான். தினமும் குடிக்கவேண்டிய பொருளில் தூண்டும் பேதி மருந்து எதற்கு? பொருட்பட்டியலைப் படிக்காமல் இந்த வகையைக் கையில் எடுக்கவேண்டாம்.

எப்படிக் குடிப்பது

முதல் வாரம் தினம் ஒரே ஒரு வேளை, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உமி. இரண்டாவது வாரம் காலை ஒன்று, மாலை ஒன்று. மூன்றாவது வாரம் காலை இரண்டு, மாலை ஒன்று. தேவைப்பட்டால் நாலாவது வாரம் காலை இரண்டு, மாலை இரண்டு. தினம் 7 முதல் 10 கிராமுக்குள் பெரும்பாலோருக்குப் போதும். நடுவில் எந்த வாரத்திலாவது பதம் சரியாகிவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம். பத்து கிராமைத் தொட்டே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தினம் 7 கிராம் என்றால் மாதம் 210 கிராம் ஆகும், அந்தக் கணக்கில் வாங்கினால் போதும். கிலோக் கணக்கில் வாங்கி வைத்தால் நம் ஊர் ஈரப்பதத்துக்குக் கட்டிபிடித்துவிடும்.

தம்ளரில் முதலில் தண்ணீர், பிறகு உமி. மாற்றிச் செய்தால் அடியில் கட்டி நிற்கும். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி சாதாரண தண்ணீர். வெந்நீரில் கையிலேயே கூழாகிவிடும். கலக்கியதும் உடனே குடித்துவிட்டு, இன்னொரு அரைத் தம்ளர் வெறும் தண்ணீர் குடியுங்கள். உமியை வாயில் கொட்டிக்கொண்டு மேலே தண்ணீர் விடுவது ஆபத்து. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஊதி அடைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர்கள் உண்டு. முதுமையாலோ பக்கவாதத்துக்குப் பிறகோ விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

இனி அந்தப் பால் விஷயம். ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தம்ளர் சூடான பாலில் இசப்கோல் கலந்து குடிப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். இதில் இரண்டு கோளாறு. தென்னிந்தியாவில் வளர்ந்த பிறகு பால் சர்க்கரை செரிக்காதவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு தம்ளர் பாலே விடிய விடிய வாயுவையும் கடமுடாவையும் தரும். பழி உமிமேல் விழும். பால்தான் காரணமா என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் தண்ணீரில் மட்டும் குடித்துப் பார்த்தால் போதும். அடுத்தது, குடித்ததும் படுப்பது. கூழ் கீழே இறங்க நேரம் கொடுக்கவேண்டும். படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே, மாலை ஆறு ஏழு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. போக்கு வகைக்காரர்கள் மோரில் கலந்து குடிக்கலாம், தண்ணீர் அளவு குறையாமல்.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கவேண்டாம். கூழ் மாத்திரையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விடும். பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி போதும். தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் விடுங்கள். காலையில் அதைப் போடுகிறவர்கள் உமியை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முதல் இரண்டு வாரம் சர்க்கரை அளவைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளவேண்டும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை உமி கொஞ்சம் குறைக்கும். இரும்புச்சத்து, லித்தியம், கார்பமசிபைன், டிகாக்சின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும்.

வெந்தயத்தையும் சப்ஜா விதையையும் இதற்குப் பதிலாக வைக்கலாமா என்று கேட்பார்கள். வெந்தயத்தின் வழவழப்பைப் பாக்டீரியா நன்றாகப் புளிக்கவைக்கும், உப்புசக்காரருக்கு அது சிக்கல். சப்ஜா ஊறும், குளிர்ச்சி என்று குடிக்கலாம். ஐபிஎஸ்ஸுக்கு இசப்கோல் அளவுக்குச் சோதிக்கப்பட்டதில்லை.

வயிற்றில் புளியைக் கரைப்பது யார்

தேர்வு முடிவு வரும் காலையில் "வயித்துல புளியைக் கரைக்குது" என்கிறோம். கெட்ட செய்தி கேட்டால் "அடிவயிறு பிசையுது", நேர்முகத்தேர்வுக்கு முன்னால் "வயிறு கலக்குது". மூளைக்கும் குடலுக்கும் இருக்கும் உறவைத் தமிழ் பேசுகிறவருக்குப் பாடம் நடத்தவே தேவையில்லை. ஆனால் அந்த உறவு ஒருவழிப் பாதை என்று நினைத்துக்கொள்கிறோம்: மனசு கெட்டால் வயிறு கெடும், அவ்வளவுதான் என்று. உண்மையில் மறுபக்கப் போக்குவரத்துதான் அதிகம். குடல் சுவரிலேயே பத்துக் கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் உள்ளுறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை.

ஐபிஎஸ்ஸில் பலருக்கு இந்தச் செய்தியின் ஒலி கூடிப்போயிருக்கிறது. மலக்குடலில் ஒரு சிறு பலூனை வைத்து மெல்ல ஊதிப் பார்க்கும் சோதனையில், மற்றவர்கள் "ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லும் அளவிலேயே ஐபிஎஸ்காரர்கள் பலருக்கு வலி வந்துவிடுகிறது. குடல் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஸ்கேன் நன்றாக இருக்கும், ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும். "ஒண்ணும் இல்லை, எல்லாம் உங்க மனப்பிரமை" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது கொடுமையான பேச்சு. வலி நிஜம். நரம்பு அதைப் பெரிதாக்கி அனுப்புகிறது, மூளை அதைப் பெரிதாகவே வாங்கிக்கொள்கிறது. குடல் நிபுணர்கள் கூடி வகுத்து 2016இல் வந்த ரோம் 4 வரையறை இந்த நோய்களுக்கு 'குடல்–மூளை இடைவினைக் கோளாறுகள்' என்றே பெயர் மாற்றியது.

இதை உமியோடு சேர்த்துப் பாருங்கள். உமி செய்வது என்ன? குடலில் பருமனைக் கூட்டுகிறது. பருமன் கூடினால் குடல் சுவர் கொஞ்சம் விரியும். சாதாரணக் குடலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒலி கூடிப்போன குடலுக்கு அந்தச் சின்ன விரிவே முதல் வாரத்தில் உப்புசமாகவும் வலியாகவும் தெரியும். ஒரே ஸ்பூனில் ஆரம்பித்து வாரத்துக்கு ஒரு ஸ்பூனாக ஏறச் சொல்வது இதற்காகத்தான். "ஊருக்கெல்லாம் ஒத்துக்கிற உமி எனக்கு ஒத்துக்கலை" என்பவர் பெரும்பாலும் இரண்டு ஸ்பூன், மூன்று ஸ்பூன் என்று ஆரம்பித்தவராக இருப்பார். ஒரு வாரம் நிறுத்திவிட்டு அரை ஸ்பூனிலிருந்து மறுபடி ஏறலாம்.

நரம்புகளுக்குச் சேதி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. உடலின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உண்டாகிறது. அது உண்மை. அதை வைத்துக்கொண்டு 'குடல் சுத்தமானால் மனம் மகிழும்' என்று பொடி விற்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். குடலின் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. அதன் வேலை குடலை அசைப்பதும் அங்குள்ள நரம்புகளுக்குச் சேதி சொல்வதும். இசப்கோல் டப்பாவில் மன அழுத்தம் தீரும் என்று எழுதியிருந்தால் அந்த டப்பாவை வாங்காதீர்கள்.

இந்த ஒலி எப்படிக் கூடுகிறது? ஒரு வழி, கடுமையான வயிற்றுப்போக்கு. கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கிருமி போய் வெகுநாள் கழித்தும் பலருக்கு ஐபிஎஸ் தங்கிவிட்டது; முன்பே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஒரே தண்ணீரைக் குடித்தவர்களில் யாருக்கு வயிறு ஆறுகிறது, யாருக்கு ஆறவில்லை என்பதில் மூளைக்கும் பங்கு இருக்கிறது.

பொருள் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 80 ஐபிஎஸ் நோயாளிகளில் ஒரு பாதிப்பேரிடம் "இதில் மருந்தே இல்லை, வெறும் மாத்திரை" என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில், எதுவும் எடுக்காதவர்களைவிட அவர்களுக்குத் தெளிவாக நிம்மதி கிடைத்தது. வலி குறைந்தது பொய்யில்லை. மூளை தன் பக்கத்து ஒலியைக் குறைத்துக்கொண்டது. ஆகவே "ஒரே ஸ்பூன், மறுநாளே எல்லாம் சரி" என்று இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடுகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து உமியை எடைபோட முடியாது. பதத்தில் மாற்றம் 12 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். வலியில் உமியின் பங்கு எவ்வளவு என்று சொல்ல நாலு வாரம் வேண்டும்.

நாலு வாரக் கணக்கு

ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒரு சின்ன நோட்டில் தினம் மூன்று எண்களை எழுதுங்கள். முதல் எண் மலத்தின் வகை. 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணைப்படி ஆட்டுப்புழுக்கை போல் உதிர்வது 1, வெறும் தண்ணீர் 7, வழவழப்பான வாழைப்பழ வடிவம் 4. இரண்டாவது எண் அன்றைய வலி, பத்துக்கு எத்தனை. மூன்றாவது உப்புசம், அதுவும் பத்துக்கு. அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதவேண்டாம். அது வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலையாகி, அந்தக் கவனிப்பே ஒலியைக் கூட்டும்.

நாலாவது வாரக் கடைசியில் வகை 3க்கும் 5க்கும் நடுவில் நின்று வலியும் பாதிக்குக் கீழே வந்திருந்தால், உங்கள் தொந்தரவில் பதத்துக்குப் பெரும்பங்கு இருந்திருக்கிறது. அதே அளவில் தொடருங்கள். மூன்று மாதம் கழித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பூனாகக் குறைத்துப் பார்க்கலாம்.

வகை அசையவே இல்லை என்றால் முதலில் தண்ணீரையும் ஸ்பூனையும் சரிபாருங்கள். இரண்டும் சரி, பத்து கிராமும் தொட்டாகிவிட்டது, ஆனாலும் 1, 2இலேயே நிற்கிறது என்றால் கழிப்பறையில் உட்காரும்போது இடுப்பின் அடித்தரைத் தசை (மலவாயைச் சுற்றியுள்ள தசை) தளராமல் இறுகிக்கொள்கிறதா என்று மருத்துவர் பார்க்கவேண்டும். 'முழுசா போன மாதிரியே இல்லை' என்று அரை மணி நேரம் முக்குகிறவர்களில் சிலருக்குக் கோளாறு அங்கேதான். அவர்களுக்கு உமியைக் கூட்டுவது மூடிய கதவுக்குமுன் கூட்டத்தைக் கூட்டுவது போல. அதற்குப் பயிற்சி இருக்கிறது.

மூன்றாவது நிலைதான் ஐபிஎஸ்ஸில் நிறையப் பேருடையது. வகை 4 ஆகிவிட்டது, வலி எண் அப்படியே இருக்கிறது. பஸ் ஏறுவதற்குமுன் இன்னும் மூன்று முறை போகவேண்டியிருக்கிறது. இங்கே பலர் உமியைத் திட்டிவிட்டு அடுத்த பொடிக்குத் தாவுகிறார்கள். உமி தன் வேலையை முடித்துவிட்டது, மிச்சம் இருப்பது நரம்பின் வேலை. நெதர்லாந்து ஆய்வில் வாழ்க்கைத் தரம் மாறாத அந்த வரி சொல்வது இதைத்தான்.

இந்த நிலையில் இருப்பவர் உமியை நிறுத்தாமல் மருத்துவரிடம் போய் நேராகக் கேட்கலாம். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் அதற்கு ஒரு வழி. 2023இல் வந்த இங்கிலாந்து ஆய்வில் 463 பேரைச் சேர்த்தார்கள். ராத்திரி 10 மில்லிகிராமில் ஆரம்பித்து 30 வரை தேவைக்கேற்ப ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஆறு மாதத்தில் வெறும் மாத்திரையைவிட நல்ல பலன் இருந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து என்று சீட்டைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். மனச்சோர்வுக்கான அளவு இதைவிடப் பல மடங்கு. இங்கே அது குடல் நரம்பின் ஒலியைக் குறைக்கத்தான். அது சிலருக்கு மலத்தை இறுக்கும், வாயை உலர்த்தும். அந்த இறுக்கத்துக்கு ஏற்கெனவே பழகிய இசப்கோல் கைகொடுக்கும். இரண்டும் நல்ல ஜோடி.

மருந்து வேண்டாம் என்பவர்களுக்குக் குடலை நோக்கிய அறிதுயில் (ஹிப்னாசிஸ்) சிகிச்சை இருக்கிறது. மான்செஸ்டரில் 1984இல், வேறெதற்கும் மசியாத 30 நோயாளிகளிடம் சோதித்ததிலிருந்து அதற்குச் சான்று சேர்ந்துவருகிறது. வீட்டில் இன்றே செய்யக்கூடியது வயிற்றால் மூச்சுவிடுவது. ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தொப்புள்மேலும் வைத்து, தொப்புள் கை மட்டும் எழும்படி நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடவேண்டும். காலைப் பலகாரத்துக்குமுன் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். சாப்பிட்டதும் குடல் அசைவது இயல்பான அனிச்சைச் செயல், காலையில் அது இன்னும் பலமாக இருக்கும். வேலைக்குப் போகும் அவசரமும் அதே நேரத்தில் வந்து சேர்வதால்தான் காலைப் பொழுது இவ்வளவு கொடுமையாகிறது. பலகாரத்தை முக்கால் மணி நேரம் முன்தள்ளினாலே சிலருக்குப் பஸ் பயணம் நிம்மதியாகிவிடும்.

டப்பா வாங்குவதற்கு முன்

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் போக்கு, ரத்தசோகை, விடாத காய்ச்சல், 50 வயதுக்குமேல் புதிதாக ஆரம்பித்த மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள், உமி பிறகு. குடல் அடைப்பு வந்தவர்கள், உணவுக்குழாய் குறுகியவர்கள், மார்ஃபின் வகை வலி மாத்திரை தினமும் எடுப்பவர்கள் இதைத் தொடவேண்டாம். உமித்தூளை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஆஸ்துமா இருப்பவர் டப்பாவை முகத்துக்கு நேராகக் கொட்டாமல் தள்ளிப்பிடித்துக் கொட்டட்டும். திறந்த பாக்கெட்டை ஈரக்கை படாத ஸ்பூனோடு மூடி இறுகிய டப்பாவில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.